நாக்கில் நாலு சொட்டு

பெண் பார்க்க வந்த அன்று இசைவாணியின் கை யாருக்கும் உறுத்தவில்லை. பூ வைத்து, தட்டு மாற்றி, மண்டபம் பார்க்கப் போகிற நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அந்தக் கை நாற ஆரம்பித்தது.

"பொண்ணைக் குத்தம் சொல்ல மாட்டேன். தங்கமான பொண்ணு. ஆனா எம்புட்டுக் கழுவுனாலும் கையில வெடிமருந்து வாசம் போக மாட்டேங்குதே. அந்தக் கையால சோறு போட்டா எம்மவன் எப்படித் திம்பான்?" என்று தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டாள். சொன்னவள் அச்சங்குளத்தில் பாதி ஆயுள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். மகன் ஹரிஷ்குமார் திருப்பூருக்குப் போய் சூப்பர்வைசர் ஆனதும் அவளுக்குப் புதிதாக மூக்கு முளைத்துவிட்டது.

இசைவாணி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், பேன்சி வெடிக்கு மருந்து செலுத்துகிற அறையில் அவளுக்கு வேலை. வேலை விட்டு வந்ததும் தண்ணீர்த் தொட்டியருகே குத்தவைத்து எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்ப்பாள். முகர்ந்து பார்ப்பாள். மறுபடி தேய்ப்பாள். தட்டில் சோறு வைத்தால் கரண்டியால் கிண்டிவிட்டு நகர்த்திவிடுவாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

அம்மா சின்னத்தாய், சிவகாசியில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் அழகுமீனாவுக்குப் போன் போட்டாள்.

"ஏத்தா அழகு, உன் தங்கச்சி கையை உரிச்சுத் தொங்க விட்டுருவா போலிருக்கு. சொன்னாக் கேக்க மாட்டேங்கா. நீ வந்து ரெண்டு அறை குடுத்துட்டுப் போ."

"அறைஞ்சா சரியாயிருமாம்மா?"

"பின்ன, ஆரத்தியா எடுக்க?"

அழகுமீனா ஒரு காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தாள். அச்சக முதலாளியின் மனைவி ஸ்ரீமதி ஆன்லைனில் மலர் மருத்துவம் படித்தவள். ஆபீஸ் அறையில் சாமி படத்துக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. அதற்குள் முப்பத்தெட்டுச் சின்னக் குப்பிகள். பயத்துக்கு ஒரு பூ, ஏக்கத்துக்கு ஒரு பூ, பொறாமைக்குக்கூட ஒரு பூ. தலைவலி என்று மாத்திரை கேட்டுப் போனால், "வீட்டுல யார் மேல கோபம்?" என்பாள். பெண்கள் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள். ஆனாலும் நம்மையும் உட்காரவைத்துக் கேட்க ஒரு ஆள் இருக்கிறதே என்று போய் உட்காரத்தான் செய்தார்கள். அழகுமீனாவும் உட்கார்ந்தாள்.

"அழுறாளா, அழாம இருக்காளா?"

"அழலைக்கா. கையைக் கழுவுறா."

"கையையா?" ஸ்ரீமதி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "தன்னையே அசிங்கம்னு நினைக்கிறவங்களுக்குன்னே ஒரு பூ இருக்கு மீனா. கிராப் ஆப்பிள். திடீர்னு மனசு அடிபட்டிருக்குல்ல, அதுக்கு ஸ்டார் ஆஃப் பெத்லகேம். ரெண்டும் சேத்துத் தாரேன்."

ஒரு குப்பியில் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு பூக்களிலிருந்தும் சொட்டு விட்டாள். கடைசியில் வேறொரு பாட்டிலைத் திறந்து பழுப்பாக ஒரு கரண்டி ஊற்றினாள். வாசனை எட்டியது. கல்யாணமாகிப் போகும்வரை அந்த வாசனையோடு ஒரே கூரைக்குள் படுத்து எழுந்தவள் அழகுமீனா. அது என்னவென்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"அக்கா, இது..."

"பிராந்திதான். மருந்து கெட்டுப் போகாம இருக்கிறதுக்கு. நாலு சொட்டுல என்ன ஆயிரும்? பிடிக்கலைன்னா சீனி உருண்டையில விட்டுத் தாரேன். உருண்டை தீந்துபோச்சு, வியாழக்கிழமை வரும். இருக்கியா?"

வியாழக்கிழமை வரைக்கும் யார் இருப்பது? அழகுமீனா குப்பியை வாங்கிக்கொண்டாள்.

"படபடப்பு ரொம்ப இருந்தா தண்ணியில கலக்காம நேரா நாக்குல விடு" என்று ஸ்ரீமதி சொல்லி அனுப்பினாள்.

அப்பா ஆண்டிச்சாமி குடித்தே செத்தவர். அதற்குப் பிறகு அந்த வாசனையோடு வருகிறவன் கூடப்பிறந்த தம்பியாக இருந்தாலும் சின்னத்தாய் வாசற்படி ஏற விடமாட்டாள். பஸ்சில் வரும்போதே அழகுமீனா முடிவு செய்துவிட்டாள், கரண்டிக் கதையை வீட்டில் சொல்வதில்லை என்று. கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

இசைவாணி குப்பியின் மேல் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஏக்கா, பெத்லகேம்னு போட்டிருக்கு. ஏசு பொறந்த ஊருல்ல? இதைக் குடிச்சிட்டு நான் வேளாங்கண்ணிக்குப் போயி மொட்டை போடணுமாக்கும்?"

"நாக்கை நீட்டுடி."

நீட்டினாள். சொட்டு விழுந்ததும் கண்ணைச் சுருக்கினாள். "ஸ்ஸ்... எரியுதே! என்ன பூவு இது, எருக்கம்பூவா?"

"சீமைப் பூவு. அப்படித்தான் இருக்கும்."

"சீமைக்காரிக்கும் நிச்சயம் பண்ணிட்டு ஓடிருவானுக போல. இல்லைன்னா இதுக்கு எதுக்கு மருந்து கண்டுபிடிக்கா?"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். நிச்சயம் முறிந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அழகுமீனா லீவு சொல்லிவிட்டு அம்மா வீட்டிலேயே தங்கினாள். காலையும் மாலையும் நாக்கில் நாலு சொட்டு. இரவில் தங்கையின் கையைத் தன் வயிற்றின் மேல் இழுத்து வைத்துக்கொண்டு தூங்கினாள். மருந்து கேட்டதா, பக்கத்தில் ஆள் படுத்தது கேட்டதா, சொல்ல முடியாது. சனிக்கிழமை ராத்திரி இசைவாணி கரண்டியைத் தள்ளிவிட்டு, ரசத்தைச் சோற்றில் ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். சின்னத்தாய் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து மூத்தவளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"நீ காலெடுத்து வச்சாத்தான்டி இது வீடா இருக்கு" என்றாள்.

திங்கள்கிழமை காலையில் இருவருமாகக் கிளம்பினார்கள். அழகுமீனா சிவகாசி பஸ்சுக்கு, இசைவாணி கம்பெனி வேனுக்கு. வேன் நிற்கிற இடத்தில், கூட வேலை பார்க்கிற ஒருத்தி வாய் சும்மா இராமல் கேட்டாள்: "ஏ இசை, அந்த அச்சங்குளத்துப் பையனுக்குச் சாத்தூர்ல பொண்ணு முடிவாயிருச்சாம்ல? காலேஜு படிச்ச பொண்ணாம்ல?"

இசைவாணி குனிந்து உள்ளங்கையைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இன்னைக்கு நான் போகலையே."

"வீட்டுல இருந்தா அதையே நினைச்சுக்கிட்டு இருப்ப. போ. நாலு பேரோட இருந்தா மறந்துரும்" என்றாள் அழகுமீனா. பையிலிருந்து குப்பியை எடுத்தாள். "நாக்கை நீட்டு."

வேன்காரன் ஆரன் அடித்தான். அவசரத்தில் நாலு சொட்டுதான் விழுந்ததா, கூட விழுந்ததா என்று அவள் பார்க்கவில்லை. இசைவாணி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே வேனில் ஏறினாள். சன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, கையைக் காட்டவில்லை, நாக்கைக் காட்டினாள்.

அன்று மத்தியானம் அந்த அறை வெடித்தது.

நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். சீசன் ஆர்டர், மறுநாள் லோடு போயாக வேண்டும். வெயில் ஏறிய பிறகும் மருந்தை நிறுத்தாமல் செலுத்தச் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முந்தின வருஷமும் தெரியும், அதற்கு முந்தின வருஷமும் தெரியும். வாசலோரம் இருந்த ஏழு பேர் காயத்தோடு தப்பினார்கள். உள்ளே சுவரோரம் இருந்த இசைவாணியும், கூட வேலை பார்த்த அதே ஊர்க்காரன் காமராஜும் தப்பவில்லை.

பெரியாஸ்பத்திரியில் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்க வேண்டாம் என்றார்கள். சரி என்றாள் சின்னத்தாய். "கையை மட்டும் காட்டுங்கய்யா. அந்தப் புள்ள கையை நினைச்சே வெந்துபோயிக் கிடந்துச்சு. ஒருவாட்டி தொட்டுக்கிடுதேன்." கொடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். காட்டுவதற்குக் கை இல்லை.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். கம்பெனி கேட்டில் பெண்களைச் சோதித்து உள்ளே விடுகிறவள் வேலுத்தாய். தீப்பெட்டி இருக்கா, போன் இருக்கா, தலையில் இரும்பு ஊக்கு இருக்கா என்று பார்ப்பவள். அன்று காலையில் ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று கேட்டதற்கு, இசைவாணி வாயில் பிராந்தி வாசம் லேசாக வந்தது, கேட்டதற்கு மருந்து என்றாள், விட்டுவிட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வேலுத்தாய் பொய் சொல்கிறவள் இல்லை. கம்பெனிக்கு அது போதுமாக இருந்தது. ஒன்பது பேர், வெயில், லோடு எல்லாம் பின்னால் போய்விட்டது. குடித்துவிட்டு வந்த ஒரு பெண் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

பேச்சு ஊருக்குள் வர ஒரு பொழுது ஆகவில்லை. காமராஜின் மனைவி கற்பகம் தலைவிரிகோலமாகத் தெருவுக்கு வந்தாள்.

"ஏ சின்னத்தாயி, வெளிய வாடி! மாப்பிள்ள வேண்டாம்னு போனா அரளிவெதைய அரைச்சுக் குடிக்க வேண்டியதுதான? பிராந்தியக் குடிச்சிட்டு வந்து எம் புருஷனைச் சேத்துல்ல கொண்டு போயிட்டா! அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு!"

சின்னத்தாய் வெளியே வந்தாள். அவளுக்கு ஒரு துளி சந்தேகமில்லை. அதுதான் அழகுமீனாவை வாசற்படியிலேயே நிறுத்தியது.

"என் மக வாயில அந்தக் கருமம் பட்டுச்சுன்னு எவ சொன்னா? என் மூத்தவ கூடத்தான் அன்னைக்கு வேன் ஏறுற வரைக்கும் இருந்தா. அவ சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவா. அதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?"

"பண்ணச் சொல்லு! மாரியம்மன் முன்னாடி பண்ணச் சொல்லு. நான் உன் கால்ல விழுந்துட்டுப் போறேன்."

ஊர்த்தலைவர் வந்தார். மறுநாள் காலை என்று முடிவாயிற்று. துக்க வீட்டார் கோயிலுக்குள் போகக்கூடாது. எதிரே தெருவில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அன்று ராத்திரி அழகுமீனா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தப் பூ மருந்து..."

"ஆமா, அதைத்தான் அந்தக் கேட்டுக்கார எடுபட்டவ மோந்து பாத்துட்டு உளறியிருக்கா. நாளைக்கு அதையும் சேத்துச் சொல்லு. பூவுல செஞ்ச மருந்துன்னு."

"அதுல வந்தும்மா..."

"அதுல?"

சின்னத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். வெடிச் சத்தம் கேட்ட நாளிலிருந்து தூங்காத கண்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் அழகுமீனா.

"நாளைக்கு நீ அணைச்சதும் இந்தத் தெரு வாயை மூடிக்கிடும். அப்புறம் நான் கொஞ்சம் படுப்பேன்த்தா."

காலையில் கோயிலுக்கு எதிரே ஒரு செங்கல்லை வைத்து அதன் மேல் சூடத்தைக் கொளுத்தினார்கள். கட்டிச் சூடம். புகையோடு எழும்பி எரிந்தது. கற்பகம் முன்னால் நின்றாள். ஊர்த்தலைவர் வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தார். "என் தங்கச்சி வாயில பிராந்தி படலைன்னு சொல்லி அணை ஆத்தா."

அழகுமீனா கையை நீட்டினாள். பொய்ச் சத்தியம் செய்தால் கை அழுகும், கண் அவியும் என்பார்கள். அழுகினால் அழுகட்டும் என்றுதான் வீட்டிலிருந்து வந்தாள். இரண்டு வார்த்தை சொல்லிக் கையை இறக்கினால் தங்கை பேர் பிழைக்கும், அம்மா படுப்பாள். ஆனால் சொல்ல வாயெடுத்ததும் வேனுக்குள் இருந்து நீண்ட அந்த நாக்குதான் எதிரே வந்து நின்றது. கை சூடத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. சூடு ஏறியது. இறக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"என்னத்தா, அணை" என்றார் ஊர்த்தலைவர்.

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சின்னத்தாய் மகளின் முகத்தைப் பார்த்தாள். பெற்றவளுக்கு அதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகத்தில் ஏதோ அணைந்துபோனது. அடுத்த நொடி மகளின் தோளைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினாள்.

"இவ வீட்டுக்குத் தூரம். ஆம்பளைக முன்னாடி சொல்லக் கூசிப்போயி நிக்கா. தள்ளுடி அங்கிட்டு!"

உள்ளங்கையை விரித்து எரிகிற சூடத்தின் மேல் அறைந்தாள். அறைந்து அழுத்திக்கொண்டாள்.

"என் மக வாயில அந்தக் கருமம் படலை. பெத்தவ சொல்லுதேன். பட்டிருந்தா இந்தக் கை இத்தோட வெளங்காமப் போகட்டும்."

அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை. சூடம் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஊர்த்தலைவர்தான் பதறிப் பிடித்து எடுத்துவிட்டார். "பெத்தவளே அணைச்சுட்டா. இனிமே இதைப் பத்தி எவனும் பேசக் கூடாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

கற்பகம் காலில் விழவில்லை. அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எம் புருஷனைக் கொன்னது யாரு?" என்று கேட்டாள். பதில் தெரிந்தவர்கள் நிறையப் பேர் அங்கே நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னத்தாய் கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அழகுமீனா துணியைக் கிழித்துக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"தொடாத."

நின்றாள்.

"பிராந்தியா?"

"மருந்து கெட்டுப் போகாம இருக்க ஒரு கரண்டி ஊத்துவாகம்மா. நாலு சொட்டுதான்ம்மா குடுத்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவளுக்கு?"

"தெரியாது."

சின்னத்தாய் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சு குடிக்கலை. அது போதும்" என்றாள், தனக்குத்தானே சொல்வது மாதிரி.

"அம்மா, அந்தச் சொட்டால ஒண்ணும் ஆகலைம்மா. ஒன்பது பேரை வச்சு வெயில்ல..."

"எனக்கா சொல்லித் தார? நானும் மருந்து செலுத்துனவதான். சொட்டு எங்கயும் வெடிக்காது." வாளிக்குள் விரல்கள் மெதுவாக மடங்கி விரிந்தன. "கையில நாத்தம்னு ஒருத்தி சொன்னா. அந்தப் புள்ள வெந்து வெந்து செத்துச்சு. இப்ப வாயிலயும் நாத்தம்னு ஊரு சொல்லுது. போற நேரத்துல அதையும் பூசி அனுப்பிட்டியேத்தா."

அழகுமீனா கிழித்த துணியை வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பதினாறாம் நாளுக்கு வா. வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாக. வந்து நின்னுட்டுப் போயிரு. அதுக்கப்புறம் இந்தப் படி ஏறாத."

சிவகாசிக்குத் திரும்பி வேலைக்குப் போனபோது ஸ்ரீமதி அவள் கையைப் பிடித்து ஆபீஸ் அறைக்குள் அழைத்துப் போனாள். கண் கலங்கியிருந்தது. நல்லவள்தான். மரப்பெட்டியைத் திறந்தாள்.

"உனக்கு ஒண்ணு கலந்து தாரேன் மீனா. அழுறியா, அழாம இருக்கியா?"

"அக்கா, பிராந்தி ஊத்தாம வெறும் தண்ணியில கலந்து குடுத்திருக்க முடியாதா?"

"ரெண்டு மூணு நாள்ல கெட்டுப் போயிருமே."

"கெட்டுப் போயிருந்தா கீழ ஊத்தியிருப்பேன்ல" என்றாள் அழகுமீனா. எழுந்து பைண்டிங்குக்குப் போய், அடுத்த வருஷத்துக் காலண்டர்களுக்குத் தகரப் பட்டை அடிக்க உட்கார்ந்தாள்.

பதினாறாம் நாள் போனாள். சொந்தக்காரர்களுக்கு இலை போட்டாள், சோறு பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். சின்னத்தாய் கையில் கட்டோடு எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தாள். அவளிடமும் பேசினாள், ஆள் பக்கத்தில் இருக்கும்போது. சாயந்திரம் பஸ் ஏறப் போனபோது சின்னத்தாய் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இருந்தது. கற்பகமும் ஓரமாக நின்றாள். சின்னத்தாய் பையைச் சன்னல் வழியே கொடுத்தாள்.

"போய்ச் சேந்ததும் போன் போடுத்தா. பத்திரம்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை அழகுமீனா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து விளக்கைக்கூடப் போடாமல் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது.

இன்னொரு தடவை அழுத்தவில்லை. எடுக்க மாட்டாள் என்று தெரியும். போடச் சொன்னாள், போட்டாகிவிட்டது.